நம் போனில் எந்தச் செயலி போடலாம் என்பதை இனி யார் முடிவு செய்வது? சேலம், ஏற்காடு நண்பர்கள் கருத்துச் சொல்லுங்கள்

பட்டறைமகன்:

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறது. வியாபாரி கொடுத்த வெள்ளியின் எடை, டச் (அதன் தூய்மை அளவு), நாங்கள் திருப்பிக் கொடுத்த உருப்படியின் எடை, சேதாரம், கூலி, முன்பணம் எல்லாவற்றையும் குறித்து வைக்க ஆண்ட்ராய்டுக்கு ஒரு சின்னச் செயலி எழுதியிருக்கிறேன். அதில் விளம்பரம் கிடையாது, இணையமும் தேவையில்லை. கணக்கு அந்தப் போனை விட்டு வெளியே போகாது. சிவதாபுரம் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் கேட்டு வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். செயலியை நிறுவும் கோப்பான ஏபிகே-யை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், அவர்கள் போட்டுக்கொள்வார்கள். இவ்வளவுதான் என் விநியோகம்.

2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ப்ளே ஸ்டோரோடு விற்கப்படும் எந்த ஆண்ட்ராய்டு போனிலும் ஒரு செயலியை நிறுவ வேண்டுமென்றால், அதை எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும். ப்ளே ஸ்டோர் பக்கமே போகாத செயலிக்கும் இதுதான் விதி. பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் கொடுக்க வேண்டும், அரசு அடையாள அட்டையும் கேட்கலாம். பதிவுக் கட்டணம் 25 டாலர். செயலியின் பொதிப் பெயரையும் (போனுக்குள் அதை அடையாளம் காட்டும் தனிப்பெயர்) கையொப்பச் சாவியையும் (எழுதியவர் இவர்தான் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) நம் பெயரோடு சேர்த்துப் பதிய வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம். 2027 முதல் படிப்படியாக மற்ற நாடுகள்.

25 டாலர் கட்ட என்னால் முடியும். ஆனால் என் செயலியை நான் என் மாமாவின் போனில் போடுவதற்கு அமெரிக்காவில் இருக்கும் ஒரு கம்பெனியிடம் ஏன் பெயர் பதிய வேண்டும்? போனுக்குக் காசு கொடுத்தவர் மாமா. செயலி எழுதியவன் நான். நடுவில் மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை? இதற்கு மாற்று வழி என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்துரோடு செல்கடை:

தம்பி, நீ கேட்பது நியாயம்தான். ஆனால் என் கடைக் கவுன்டரில் உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

‘கல்யாணப் பத்திரிகை’ என்று பெயர் வைத்து ஒரு ஏபிகே வாட்ஸ்அப்பில் வரும். அல்லது ‘உங்கள் வண்டிக்கு அபராதம், விவரம் உள்ளே’ என்று வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்துதான் வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மோசடிக்காரன் பிடிக்குள் போயிருக்கும். தொட்டால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் அதன்பிறகு வருகிற ஓடிபி எல்லாம் நேராக அவனுக்குப் போய்விடும். காலையில் எழுந்து பார்த்தால் கணக்கில் பணம் இருக்காது. அப்படிப் பணத்தை விட்டவர்கள் என் கடைக்கு வந்து, ‘இதைச் சரி பண்ணிக் கொடுங்கள்’ என்று போனை நீட்டுவார்கள். போனைச் சரி செய்து என்ன பயன்? முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிக்கச் சொல்வேன். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்தால், ஏபிகே நிறுவுவதையே நிறுத்திவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ப்ளே ஸ்டோரைவிட இணையத்திலிருந்து நேரடியாக வரும் செயலிகளில் கெட்ட நிரல் 50 மடங்குக்கு மேல் இருக்கிறது என்று கூகுள் சொல்கிறது. அது அவர்கள் கணக்கு என்று வைத்துக்கொண்டாலும், நான் கடையில் பார்ப்பது அதற்கு எதிராக இல்லை.

குகைவாசி:

செல்கடை அண்ணன் பக்கம்தான் நானும். எங்கள் தெருவில் ஒருவர் பிள்ளை படிப்புக்கு வைத்திருந்த பணம் இப்படித்தான் போனது.

பட்டறைமகன்:

அண்ணா, மோசடி நடப்பதை நான் மறுக்கவே இல்லை. அடையாளம் பதிவதால் அது நிற்குமா என்பதுதான் என் கேள்வி.

திருடிய பணம் கடைசியில் எங்கே போகிறது? ஒரு வங்கிக் கணக்குக்கு. அந்தக் கணக்கைத் திறக்க ஆதார், பான், போட்டோ எல்லாம் கொடுத்திருப்பார்கள். கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒரு பையனுடைய கணக்கு அது. இவ்வளவு கெடுபிடி உள்ள வங்கியிலேயே அடையாளத்தை வாடகைக்கு எடுக்க முடிகிறது என்றால், 25 டாலர் கட்டிப் பதிகிற இடத்தில் எடுக்க முடியாதா? மோசடிக் கும்பலுக்கு அது தொழில் செலவு. மாட்டிக்கொள்வது என்னைப் போலச் சொந்தப் பெயரில் எழுதுகிறவன்தான்.

இன்னொன்று. ஆளை மிரட்டி வசூல் செய்த கடன் செயலிகள் எங்கிருந்து வந்தன? பல ப்ளே ஸ்டோரிலேயே இருந்தன. 2022 செப்டம்பரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை மட்டும் 2,200-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அவற்றை வெளியிட்டவர்கள் ப்ளே ஸ்டோரில் கணக்கு வைத்திருந்தவர்கள்தானே?

வெள்ளிக்கு 2025 செப்டம்பர் 1 முதல் அடையாள எண்ணோடு ஹால்மார்க் வந்திருக்கிறது, ஆனால் கட்டாயமில்லை. முத்திரை வேண்டும் என்கிறவர் கேட்டு வாங்குகிறார். பட்டறைக்காரனைத் தெரிந்தவர் முத்திரை இல்லாமலே நம்பி வாங்குகிறார். செயலிக்கும் அப்படியே இருக்கட்டும். பதிந்தவருடைய செயலிக்கு ஒரு பச்சைக் குறி போடுங்கள், பதியாததற்கு எச்சரிக்கை காட்டுங்கள். பதியாதவன் விற்கவே கூடாது என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

கருப்பூர் மாணவி:

செல்கடை அண்ணா சொன்ன மோசடி எந்த இடத்தில் நடக்கிறது என்று பாருங்கள். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதியின் அனுமதி, இந்த வாசல்கள் வழியாகத்தான். அந்த வாசல்களை மட்டும் பூட்டும் வழி ஏற்கெனவே வந்துவிட்டது. இணையத்தில் இறக்கிய செயலி இந்த அனுமதிகளைக் கேட்டால் போனில் உள்ள கூகுளின் பாதுகாப்புச் சோதனையான ப்ளே புரொடெக்ட் நிறுவ விடாமல் தடுக்கும். சிங்கப்பூரில் 2024 பிப்ரவரியில் சோதனையாகத் தொடங்கினார்கள், 2024 அக்டோபரில் இந்தியாவுக்கும் அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-இல், வெளியிலிருந்து போட்ட செயலி அணுகல் வசதியை எளிதில் பெற முடியாதபடி ஒரு தடை வைத்தார்கள். பட்டறைக் கணக்குச் செயலி இந்த அனுமதி எதையும் கேட்கவில்லை. அதை ஏன் தடுக்க வேண்டும்?

இந்த விதியால் அதிகம் அடிபடப் போவது எஃப்-டிராய்டு என்று நினைக்கிறேன். அது 2010 முதல் இயங்கும் கட்டற்ற மென்பொருள் களஞ்சியம். அங்கே பெரும்பாலான செயலிகளின் மூல நிரலை அவர்களே வாங்கிப் பார்த்து, அவர்களுடைய சர்வரிலேயே கட்டி, அவர்களுடைய சாவியால் கையொப்பமிட்டுத் தருகிறார்கள். ஆயிரக்கணக்கான செயலிகள், ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள். சிலர் புனைபெயரில் எழுதுகிறார்கள், சிலர் எழுதியதை விட்டே போய்விட்டார்கள். ஒவ்வொரு பொதிப் பெயரையும் யார் பேரில் பதிவது? எழுதியவர்களைப் பதியச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது, எல்லாவற்றையும் தன் பெயரில் எடுத்துக்கொள்வதும் முறையில்லை. இந்த விதி அப்படியே வந்தால் எஃப்-டிராய்டு இன்றுள்ள வடிவில் நீடிக்க முடியாது என்று 2025 செப்டம்பரிலேயே அவர்கள் எழுதிவிட்டார்கள்.

நாகலூர்க் காப்பி:

மலை மேலிருந்து ஒரு குரல். எங்கள் தோட்டம் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. மழை பிடித்துவிட்டால் சிக்னல் வரும், போகும். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வெளியூர் ஆட்கள் வருவார்கள், பாதை தெரியாது. எஃப்-டிராய்டிலிருந்து எடுத்த ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலியில் சேர்வராயன் மலைப் பகுதி முழுவதையும் முன்பே இறக்கி வைத்திருக்கிறோம். ஒற்றையடிப் பாதைகளை யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நாங்களே சேர்த்தோம். இணையம் இல்லாமல் வேலை செய்கிறது. புது ஆள் வந்தால் கிளம்பும் முன் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்பிவிடுவோம். பலரிடம் ப்ளே ஸ்டோர் கணக்கின் கடவுச்சொல்லே இருக்காது, கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்ததுதான்.

தமிழ் தட்டச்சுக்கும் அங்கிருந்து எடுத்த ஹெலிபோர்டைத்தான் பயன்படுத்துகிறேன். நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிற செயலி அது. அதற்கு இணைய அனுமதியே கிடையாது என்பது எனக்குப் பெரிய நிம்மதி. இப்படி ஒன்றைப் பெரிய கம்பெனி ஏன் செய்யப் போகிறது?

ஐந்துரோடு செல்கடை:

மாணவி சொன்ன அந்த அனுமதி விஷயம் உண்மை. இப்போது சில ஏபிகே போட விடுவதில்லை, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மோசடிக்காரன் போனில் பேசிக்கொண்டே, ‘இதை அமுக்குங்கள், அதை ஆஃப் பண்ணுங்கள்’ என்று வழி சொல்லி அந்தப் பூட்டையும் திறக்க வைத்துவிடுகிறான். வயசானவர்கள் பயத்தில் அவன் சொன்னதெல்லாம் செய்வார்கள். அதற்கு என்ன பதில்?

பட்டறைமகன்:

அண்ணா, அதற்குப் பூட்டைத் திறப்பதை மெதுவாக்க வேண்டும். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அந்த அமைப்பை மாற்ற முடியாது என்று வைக்கலாம், மறுபடி கடவுச்சொல் கேட்கலாம், ஒரு நாள் காக்க வைக்கலாம். அவசரப்படுத்துவதுதான் மோசடிக்காரனின் மூலதனம். அதை எடுத்துவிட்டால் பாதி போய்விடும். எனக்கு அவசரம் இல்லை, காத்திருப்பேன். வயசானவர் போனில் பிள்ளைகளே நிரந்தரமாகப் பூட்டி வைக்கட்டும். சாம்சங் போன்களில் வெளிச் செயலிகளைத் தடுக்கும் ஆட்டோ பிளாக்கர் என்று ஒன்று இருக்கிறதே, அது நல்ல வசதிதான், ஏனென்றால் அதை அணைக்கும் உரிமை போன் வைத்திருப்பவரிடம் இருக்கிறது. எதிர்ப்புக்குப் பிறகு கூகுளும் 2025 நவம்பரில் இறங்கி வந்தது. ஆபத்தைப் புரிந்துகொண்டு ஏற்கிற அனுபவசாலிகளுக்குத் தனி வழி ஒன்று வைப்பதாகவும், மாணவர்களும் பொழுதுபோக்காக எழுதுகிறவர்களும் குறைந்த எண்ணிக்கையிலான கருவிகளில் கொடுக்கத் தனிவகைக் கணக்கு தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். சத்தம் போட்டதால்தான் இவ்வளவும் கிடைத்தது. இன்னும் போட வேண்டும்.

அஸ்தம்பட்டி வக்கீல்:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் நம் நாட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அபராதத்தைவிட முக்கியம் அதோடு வந்த உத்தரவுகள். ஏபிகே வழியாகச் செயலி விநியோகிப்பதைக் கூகுள் எந்த வகையிலும் தடுக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. மற்ற செயலிக் கடைகளையும் ப்ளே ஸ்டோர் வழியாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே உறுதி செய்துவிட்டு, நான்கு உத்தரவுகளை மட்டும் ரத்து செய்தது. நான் மேலே சொன்ன இரண்டும் அந்த நான்கில் அடக்கம். அன்றைக்கு அது நின்றிருந்தால் இன்று இந்த விவாதத்தில் நம் கையில் ஓர் ஆயுதம் இருந்திருக்கும்.

ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்ததால்தான் ஆப்பிளே 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4-இல் வேறு செயலிக் கடைகளை அனுமதித்தது. ஜப்பானும் சட்டம் போட்டு 2025 டிசம்பரில் அதையே செய்ய வைத்தது. நம் ஊரில் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு 2024 மார்ச்சில் வெளிவந்தது, வரைவாகவே கிடக்கிறது.

ஒரே வாசல் இருப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியை எல்லாப் புதுப் போன்களிலும் முன்பே போட்டுத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் முதல் வாரத்திலேயே திரும்பப் பெற்றார்கள். எதைப் போட வேண்டும், எதைப் போடக் கூடாது என்பதை ஒரு சில கம்பெனிகள் முடிவு செய்யும் நிலை வந்துவிட்டால், அரசுக்கு அந்தச் சில கம்பெனிகளைப் பிடித்தால் போதும். இதைச் செயலி எழுதுகிறவர்களின் பிரச்சினை என்று மட்டும் பார்க்காதீர்கள்.

அம்மாபேட்டை வாத்தியார்:

ஒரு சந்தேகம். ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்தியாவில் என்ன செய்வது? என் மகள் அதைத்தான் வைத்திருக்கிறாள்.

கருப்பூர் மாணவி:

சார், இந்தியாவில் ஐபோனுக்கு ஆப் ஸ்டோர் ஒன்றுதான். சொந்தமாக எழுதியதை மேக் கணினி வழியாகப் போடலாம், ஆனால் இலவசக் கணக்கென்றால் ஏழு நாளில் காலாவதியாகிவிடும். வருடத்துக்கு 99 டாலர் கட்டினால் அந்தத் தொல்லை குறையும். ஆண்ட்ராய்டும் அந்த வழியில் போகக் கூடாது என்றுதான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ரோம்பிரியன்:

மாற்று வழி கேட்டீர்கள், எனக்குத் தெரிந்ததைக் கொட்டுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த விதி கூகுள் சான்று பெற்ற போன்களுக்கு மட்டும்தான். ஆண்ட்ராய்டின் மூல நிரல் திறந்த நிரல், அதை எடுத்துக் கூகுள் சேவைகள் இல்லாமல் கட்டிய இயங்குதளங்களை இது தொடாது. சயனோஜென்மாட் என்ற பழைய மாற்று இயங்குதளம் மூடப்பட்டபோது, 2016 டிசம்பரில் அதிலிருந்து வந்த லினியேஜ்ஓஎஸ் பழைய போன்களுக்கு இன்றும் நல்ல வழி. கம்பெனி அப்டேட் நிறுத்திவிட்ட போனுக்குப் புது ஆண்ட்ராய்டு கிடைக்கும். பாதுகாப்பு முக்கியம் என்கிறவர்களுக்கு கிராஃபீன்ஓஎஸ். பிக்சல் போன்களில் போடலாம், போட்டபின், எந்த இயங்குதளம் தொடங்கலாம் என்று காவல் காக்கும் பூட்லோடரை மறுபடி பூட்டிவிடலாம் என்பது அதன் சிறப்பு. கூகுள் ப்ளே வேண்டுமென்றால் சாதாரணச் செயலியைப் போலத் தனி அறையில் அடைத்து வைத்துக்கொள்ளலாம். /இ/ஓஎஸ் என்று ஒன்று, கூகுள் சேவைகளுக்குப் பதிலாக மைக்ரோஜி என்ற திறந்த நிரல் மாற்றை வைத்து வருகிறது.

ஆண்ட்ராய்டே வேண்டாம் என்றால் லினக்ஸ் போன்கள்: உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், ஜொல்லாவின் செயில்ஃபிஷ். இவை நம் ஊருக்குப் புதிதல்ல. 2014-இல் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் போன் சுமார் 2,000 ரூபாய்க்கு இன்டெக்ஸ் விற்றது. 2016-இல் அதே இன்டெக்ஸ் செயில்ஃபிஷ் வைத்து அக்வா ஃபிஷ் என்று கொண்டுவந்தது. நிலைக்கவில்லை. வாட்ஸ்அப், வங்கிச் செயலிகள் ஒழுங்காக ஓடாத போனை மக்கள் வாங்கமாட்டார்கள். சென்னை ஐஐடியில் வளர்க்கப்பட்ட கம்பெனி 2023 ஜனவரியில் பார்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை அறிவித்தபோது எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது. அதுவும் தனியுரிமை முக்கியமான நிறுவனங்களுக்கென்றே வந்தது, கடையில் கேட்டு வாங்குகிற நிலைக்கு வரவில்லை.

இப்போது பெரிய முள். வங்கிச் செயலிகளும் யூபிஐ செயலிகளும் பல, ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை வழியாகப் போனை விசாரிக்கின்றன. கூகுள் சான்று இல்லாத இயங்குதளம் என்றால் திறக்க மறுக்கின்றன. அப்டேட் வந்து பல வருடமான ஓட்டைப் போனை ஏற்கிற செயலி, நேற்று அப்டேட் ஆன கிராஃபீன்ஓஎஸ்ஸை ஏற்காது. இதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால் என்னால் ஏற்க முடியவில்லை. கோபப்பட வேண்டியது இங்கேதான். கூகுள் சான்றை மட்டும் கேட்காமல், போன் தருகிற வன்பொருள் சான்றை நேரடியாகச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. வங்கிகள் மனது வைத்தால் நாளைக்கே செய்யலாம்.

ஐந்துரோடு செல்கடை:

ரோம்பிரியன் சொன்னதில் நடைமுறையை நான் சேர்க்கிறேன். லினியேஜ் போட பூட்லோடர் திறக்க வேண்டும். முன்பு எளிது, இப்போது ஒவ்வொரு கம்பெனியாக அதை மூடி வருகிறது. 2025-இல் வந்த ஒன் யூஐ 8 என்ற தன் மென்பொருள் பதிப்பில் சாம்சங் அந்த வசதியையே எடுத்துவிட்டது. வேறு சில கம்பெனிகள் கணக்குத் தொடங்கு, காத்திரு, அனுமதி கேள் என்று இழுக்கின்றன. திறந்தால் போனில் உள்ள எல்லாம் அழியும், வாரன்ட்டி போகலாம். அதனால் புதுப் போனில் செய்யாதீர்கள். வாங்கும் முன்பே லினியேஜின் மாடல் பட்டியலைப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று மாடல் எண் இருக்கும், எண் மாறினால் போன் செத்துவிடும்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு இரண்டு போன் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். வங்கிக்கு ஒன்று, அதில் ஏபிகே எதுவும் போடக் கூடாது. மற்ற வேலைக்கு ஒரு பழைய போன். ஒரே போன்தான் என்றால், யூபிஐக்கு ஸ்மார்ட்போனே கட்டாயமில்லை. *99# அடித்தால் பட்டன் போனிலும் அனுப்பலாம், 2022 மார்ச்சில் பட்டன் போனுக்கென்றே யூபிஐ 123பே-யும் வந்துவிட்டது.

தம்பி சொன்ன ‘மெதுவாக்கும்’ யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நாள் காக்க வைத்தால், என் கடைக்கு அழுதுகொண்டு வருகிறவர்களில் பலர் தப்பித்திருப்பார்கள். அப்படி ஒரு தாமதம் இருக்குமென்றால் உன் பக்கம் நான் வருகிறேன்.

நாகலூர்க் காப்பி:

இரண்டு போன் எல்லாருக்கும் முடியாதே அண்ணா. தோட்டத்து ஆட்களிடம் இருக்கிற ஒன்றே தவணையில் வாங்கியது. அதில்தான் கூலி வருகிறது, அதில்தான் பாதையும் பார்க்க வேண்டும். அவர்களுக்கு மாற்று இயங்குதளம் தீர்வாகாது. சாதாரணப் போனிலேயே எஃப்-டிராய்டு தொடர்ந்து ஓட வேண்டும், அதைக் கேட்டுத்தான் போராட வேண்டும்.

ரோம்பிரியன்:

ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தவனுக்கு எப்போதும் ஒரு சந்து இருக்கும். பொதுவழி மூடக் கூடாது.

பட்டறைமகன்:

எல்லோருக்கும் நன்றி. நாகலூர்க்காரர் சொன்னதுதான் என் மனதிலும். என் பட்டறைக்காரர்களை இயங்குதளம் மாற்றச் சொல்ல நான் யார்?

நான் செய்யப் போவது இது. செயலியின் மூல நிரலை ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிடுகிறேன், யார் வேண்டுமானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும். எஃப்-டிராய்டில் சேர்க்க விண்ணப்பிக்கிறேன். ப்ளே ஸ்டோரில் இப்போதைக்குப் போடவில்லை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைத்த பிறகே வெளியிட விடுவார்கள். மாணவர், பொழுதுபோக்குக்காரர் கணக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்கிறேன். எதுவும் இல்லையென்றால் கணினியில் கேபிள் செருகி ஏடிபி என்ற கருவி வழியாகப் போடலாம், அதற்குப் பதிவு தேவையில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. சிவதாபுரம் வரை வண்டியில் கேபிளோடு போவேன். ஆனால் செயலி எழுதுகிற ஒவ்வொருவரும் இப்படிப் போக முடியாது.

வக்கீல் ஐயா, போட்டி ஆணையத்துக்குத் தகவல் மனு கொடுக்க முடியுமா? பாதிக்கப்பட்டவர்கள் என்று நம் ஊர்ப் பட்டறை, தோட்டம், மாணவர்கள் சேர்ந்து எழுதினால் கனம் இருக்குமா?

அஸ்தம்பட்டி வக்கீல்:

முடியும். போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் எந்த நபரும், நுகர்வோர் சங்கமும், வர்த்தக சங்கமும் தகவல் கொடுக்கலாம். ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது 4-ஆம் பிரிவு. வெள்ளித் தொழில் சங்கம் ஒன்று முன்வந்தால் தனிநபரைவிட நல்லது. உங்கள் செயலியால் என்ன பயன், யார் பயன்படுத்துகிறார்கள், பதிவு கட்டாயமானால் என்ன நஷ்டம் என்பதைப் பட்டறை வாரியாக எழுதி வாங்குங்கள். ‘கூகுள் அநியாயம்’ என்று பொதுவாக எழுதினால் நிற்காது. நாகலூர்க்காரரும் தோட்டத்தில் வரைபடம் எப்படிப் பயன்படுகிறது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். வரைவு நான் போட்டுத் தருகிறேன்.

கருப்பூர் மாணவி:

எஃப்-டிராய்டுக்கான விவரக் கோப்பு எழுத நான் உதவுகிறேன் அண்ணா. ஒரு வேண்டுகோள், உங்கள் கையொப்பச் சாவியை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். அது தொலைந்தால் அதே பொதிப் பெயரில் அப்டேட் கொடுக்க முடியாது, எல்லாப் பட்டறையும் கணக்கை எடுத்து வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டியிருக்கும்.

ஐந்துரோடு செல்கடை:

தம்பி, செயலியில் எஸ்எம்எஸ் அனுமதி எதுவும் இல்லை என்று முதல் திரையிலேயே தமிழில் எழுதிவிடு. என் கடைக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்டியே போட்டுக் கொடுக்கிறேன். எந்த ஆண்ட்ராய்டு பதிப்பிலிருந்து ஓடும்? என்னிடம் ஆண்ட்ராய்டு 8 போன்கள் நிறைய வருகின்றன.

பட்டறைமகன்:

7-லிருந்து ஓடும் அண்ணா. நாளைக்கே கோப்பு அனுப்புகிறேன்.